இரண்டு வண்டியில் குன்சும் கணவாய்

ஸ்பிட்டி பள்ளத்தாக்கின் காசாவில் பெட்ரோல் போட்டுக்கொண்டு மேற்கே கிளம்பினால், மணாலி வரைக்கும் டேங்க்கில் இருப்பதுதான் உங்கள் கையிருப்பு. தூரம் 190 கிலோமீட்டரை ஒட்டி வரும். அதில் லோசர் கிராமத்துக்கும் கிராம்பு கூட்டுரோட்டுக்கும் இடையே, குன்சும் கணவாயைத் தாண்டிக் கிடக்கும் சுமார் 80 கிலோமீட்டரைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம். அங்கே ஆண்டு முழுக்கக் குடியிருக்கும் ஊர் கிடையாது. கோடையில் மட்டும் கூடாரம் போட்டு நடத்தும் தாபாக்கள் சில இடங்களில் உண்டு. மெக்கானிக் இல்லை, போன் சிக்னலை நம்ப முடியாது. காகிதத்தில் இது தேசிய நெடுஞ்சாலை 505. தரையில் பல இடங்களில் வெறும் ஆற்றுப்படுகை. சாலைக்காரர்கள் ஆண்டுதோறும் செப்பனிடுகிறார்கள், பனிச்சரிவும் சந்திரா ஆறும் ஆண்டுதோறும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன.

இந்த வழியில் தனியாகப் போனவர்கள் நிறையப் பேர் உண்டு, பத்திரமாகத் திரும்பியும் இருக்கிறார்கள். என் யோசனை இரண்டு பேர், இரண்டு வண்டி. ஒரு வண்டியில் இரண்டு பேர் உட்கார்ந்து போவது இந்தச் சாலைக்குச் சரிவராது: பின்சீட்டின் எடையால் முன்சக்கரம் பிடிப்பு இழக்கும், வண்டி பழுதானால் இருவருமே நடைதான். மூன்று நான்கு வண்டி சேர்ந்தால் பாதிப் பகல் ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பதில் போய்விடும்.

யாருடன் போவது

நன்றாக ஓட்டுபவரைத் தேடாதீர்கள். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவரைத் தேடுங்கள். மலையில் விபத்துக்கு இட்டுப்போகும் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: “மச்சான், இன்னும் பத்து கிலோமீட்டர்தானே, போயிடலாம்டா.” அந்தப் பத்து கிலோமீட்டருக்கு இங்கே ஒரு மணி நேரம் பிடிக்கும். வெளிச்சம் போய்விட்டால் இரண்டு மணி நேரம். அப்படிச் சொல்கிற நண்பரிடம் “முடியாதுடா, இங்கேயே படுப்போம்” என்று நீங்கள் சொல்ல முடியுமா, சொன்னால் அவர் முகம் தூக்காமல் இருப்பாரா? ஊரிலேயே இதற்கு விடை தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் கொல்லிமலைக்கோ வால்பாறைக்கோ இரண்டு நாள் போய்ப் பாருங்கள். ஏற்காடு வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்பியதை வைத்து யாரையும் எடைபோட முடியாது.

கிளம்புவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பேசி முடித்துவிடுங்கள். இருவரில் ஒருவர் வேண்டாம் என்றால் அதுவே முடிவு, காரணம் கேட்கக் கூடாது. பணம்: விழுந்து உடைந்தது யார் வண்டியாக இருந்தாலும் செலவைப் பாதிப்பாதியாகப் பகிர்வதா, அவரவர் பாடா? இதைப் பேச வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டு, திரும்பி வந்தபின் பேச்சுவார்த்தையே நின்றுபோன நண்பர்களை எனக்குத் தெரியும். மூன்றாவது நாள்கணக்கு. ரயில் டிக்கெட்டுக்கு முன்னால் குறைந்தது இரண்டு நாள் உபரியாக இருக்க வேண்டும். 2023 ஜூலையில் பருவம் தப்பிய பனிப்பொழிவு இந்தச் சாலையை மூடியபோது, சந்திரதால் ஏரி முகாமில் ஏறத்தாழ 300 பயணிகள் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். பனியை வாரிச் சாலையைத் திறந்தும் ஹெலிகாப்டர் அனுப்பியும்தான் அவர்களை மீட்டார்கள். திங்கட்கிழமை ஆபீஸ் என்பதெல்லாம் குன்சும் கணவாய்க்குத் தெரியாது.

எந்தப் பக்கமிருந்து, எப்போது

மணாலியிலிருந்து நேராகக் காசா போவதுதான் குறுக்குவழி, பெரும்பாலோர் அப்படித்தான் கிளம்புகிறார்கள். மணாலி 2,050 மீட்டர், காசா 3,650 மீட்டர், நடுவில் 4,551 மீட்டரில் குன்சும். ஒரே நாளில் இவ்வளவு ஏறிக் காசாவில் தூங்கினால் தலைவலி நிச்சயம், அதற்கு மேலும் வரலாம். சிம்லா, கின்னௌர் வழியாக ஏறி, குன்சும் வழியாக மணாலிக்கு இறங்குவதே என் பரிந்துரை. கல்பா 2,960, தாபோ 3,280, காசா 3,650 என்று இரவுத் தங்கல்கள் படிப்படியாக உயரும். 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொதுவிதி. இந்த வழி அதற்குத் தோதானது. போகிற வழியில் கி.பி. 996இல் நிறுவப்பட்ட தாபோ மடாலயத்தையும் பார்த்துவிடலாம். காசாவில் இரண்டு இரவு தங்குங்கள். பகலில் கீ மடாலயம், லாங்ஸா, ஹிக்கிம் என்று மேலே போய்விட்டு இரவுக்குக் கீழே வந்து படுத்தால் உடம்பு பழகிவிடும்.

கணவாய் பெரும்பாலும் ஜூன் நடுவில் திறந்து அக்டோபரில் மூடும். ஜூனில் உருகுநீர் அதிகம். ஸ்பிட்டி மழைமறைவுப் பிரதேசம்தான் என்றாலும், ஜூலை, ஆகஸ்டில் மணாலிப் பக்கம் மண்சரிவு சகஜம். செப்டம்பரின் முதல் மூன்று வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். குளிர் கூடுதல், தண்ணீர் குறைவு. வண்டி ஓட்டுபவனுக்கு அந்தப் பேரம் லாபம்.

சென்னையிலிருந்து சண்டிகர் வரை 2,400 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போவதில் பெருமை இருக்கலாம். மலை தொடங்கும் இடத்தில் தேய்ந்த டயரும் வலிக்கும் முதுகுமாகப் போய் நிற்பீர்கள். ரயில் பார்சலில் அனுப்புங்கள். பெட்ரோலைச் சொட்டு விடாமல் வடித்துவிட வேண்டும், ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல்கள் வேண்டும், சாக்கு சுற்றிக் கட்ட நிலையத்திலேயே ஆட்கள் இருப்பார்கள். கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியும் மூட்டையும்

இருவரும் ஒரே மாடல் வண்டி வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஒரே அளவு டியூப், ஒரே கிளட்ச் கேபிள், ஒரே ஸ்பார்க் பிளக், ஒரே ஸ்பேனர் செட். சென்னைக்குப் பக்கத்தில் தயாராகி 2016இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411க்குப் பழகியவர்கள் அதையே எடுக்கலாம்: 21 அங்குல முன்சக்கரம், 15 லிட்டர் டேங்க். எடை மட்டும் கிட்டத்தட்ட 200 கிலோ. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 அதைவிடச் சுமார் 40 கிலோ குறைவு. மேட்டில் இழுவை குறைவுதான். ஆனால் கல்லுக்கு நடுவே விழுந்த வண்டியைத் தூக்கும்போது அந்த 40 கிலோவின் அருமை புரியும். குன்சும் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 57 சதவீதம்தான். எஞ்சினின் பலமும் ஏறத்தாழ அந்த அளவுக்கே இறங்கும், உங்கள் பலமும் குறையும். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டி பெட்ரோல் கலவையைச் சரிசெய்துகொள்ளும். இல்லாத காற்றை அதனாலும் உண்டாக்க முடியாது.

டயர் காற்றைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. சமவெளியில் 25 பி.எஸ்.ஐ. வைத்த டயர், வெளியே அழுத்தம் குறைவதால் 4,500 மீட்டரில் 30ஐ நெருங்கும். கல்லில் கல்லாய்க் குதிக்கும். காசாவில் குளிர்ந்த டயரில் முன்னால் 20–22, பின்னால் 24–25 என்று இறக்குங்கள். டியூப் டயரில் அதற்கும் கீழே போனால் கல் இடித்து, ரிம்மில் நசுங்கிய டியூப் இரட்டை ஓட்டையாகிவிடும்.

கிளட்ச் லிவரையும் பிரேக் லிவரையும் ஹேண்டிலோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளைச் சற்றே தளர்த்தி வையுங்கள். கையால் அழுத்தித் திருப்பினால் நகர வேண்டும், தானாக ஆடக் கூடாது. அப்போது வண்டி விழுந்தால் லிவர் சுழன்றுகொள்ளும், உடையாது. புதுக் கிளட்ச் கேபிளைப் பையில் வைப்பதற்குப் பதில் பழைய கேபிளோடு சேர்த்து ஓடவிட்டு இரு முனையிலும் டேப் சுற்றிவிட்டால், குளிரில் மரத்த விரலோடு டேங்க்கைக் கழற்றும் வேலை மிச்சம்.

சாமான் பிரிப்பதில் ஒரே விதி: பஞ்சருக்கான சாமான் ஒவ்வொரு வண்டியிலும் முழுதாக இருக்க வேண்டும். டியூப்புகள் ஒருவரிடம், டயர் லிவரும் பம்பும் இன்னொருவரிடம் என்று பிரிப்பவர்கள் உண்டு. அது தவறு. முன்னால் போனவர் ஐந்து கிலோமீட்டர் தள்ளி நிற்கும்போது பின்னால் வந்தவருக்குப் பஞ்சரானால்? ஆளுக்கொரு டியூப், ஆளுக்கொரு பம்ப், ஆளுக்கொரு ஜோடி லிவர். செயின் லிங்க், எம்-சீல், கேபிள் டை, இழுவைக் கயிறு, முதலுதவிப் பை ஆகியவை பொதுச்சாமான், இவற்றைப் பின்னால் வருபவர் சுமக்கட்டும். உதவிக்கு முன்னால் போனவர் திரும்பி வருவதைவிட, பின்னால் வருபவர் வந்து சேர்வது எளிது.

காசா முதல் பாத்தல் வரை

காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள். முதல் அறுபது கிலோமீட்டர் ஸ்பிட்டி ஆற்றை ஒட்டி வரும் ஓரளவு நல்ல சாலை. கிப்பர், சிச்சம் பாலம் வழியாகவும் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். 2017இல் திறந்த அந்தப் பாலத்துக்காகவே சுற்று வழியில் போகலாம். லோசரில் போலீஸ் சாவடியில் பெயரையும் வண்டி எண்ணையும் பதிந்துவிட்டுப் போங்கள். நீங்கள் வந்துசேரவில்லை என்றால் தேடுபவர்கள் பார்க்கப்போவது அந்த நோட்டைத்தான். வீட்டுக்குக் கடைசி போனும் இங்கிருந்தே. “நாளை மாலைக்குள் பேசுகிறேன், அதுவரை பேசாவிட்டால் கவலைப்படாதீர்கள்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். மாலை என்று சொன்னால் இரவு ஒன்பது மணி வரை என்று அம்மாக்களுக்கு விளக்கவும் வேண்டியிருக்கும்.

லோசர் தாண்டியதும் ஏற்றம். இங்கிருந்து மெதுவாக ஓட்டுபவர் முன்னால் போக வேண்டும். வேகமானவர் முன்னால் போனால், பின்னால் வருபவர் தன் கைக்கு மீறி விரட்டத் தொடங்குவார், விழுவது அப்போதுதான். புழுதி அடங்குகிற தூரம் விட்டுப் போங்கள். கண்ணாடியில் அடுத்தவர் தெரியவில்லை என்றால் நின்றுவிட வேண்டும். சாலை பிரியும் இடம், தண்ணீர் ஓடும் இடம் எதுவானாலும் முதலில் வந்தவர் காத்திருக்க வேண்டும். ஆற்றிரைச்சலில் ஹாரன் கேட்காது, கைச்சைகையை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கல்பாதையில் ஓட்டும் முறைக்கு நெடிய விளக்கம் தேவையில்லை. ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நில்லுங்கள், முழங்காலால் டேங்க்கைக் கவ்வுங்கள், ஹேண்டிலைத் தளர்வாகப் பிடியுங்கள். முன்சக்கரம் தன் வழியைத் தேடிக்கொள்ளும். நீங்கள் இறுக்கிப் பிடித்தால்தான் தடுமாறும். இரண்டாம் கியர், சீரான ஆக்சிலரேட்டர். கண் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னே இருக்கட்டும். தவிர்க்க நினைத்து ஒரு கல்லையே பார்த்துக்கொண்டிருந்தால் வண்டி சரியாக அதன் மீதே போய் ஏறும். இறக்கத்தில் முன்பிரேக்கைச் சரளையில் அழுத்திப் பிடிப்பது விழுவதற்கான நிச்சயமான வழி.

உச்சியில் குன்சும் மாதா கோயில் இருக்கிறது. வண்டியோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவது அந்தப் பக்கத்து வழக்கம், ஓட்டுநர்கள் யாரும் தவிர்ப்பதில்லை. நீங்களும் சுற்றுங்கள், ஆனால் படமெடுத்துக்கொண்டு அரைமணி நேரத்துக்கு மேல் நிற்காதீர்கள். பன்னிரண்டு கிலோமீட்டர் கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் பாத்தல். அதற்குச் சற்று முன் வலப்பக்கம் சந்திரதால் பாதை பிரியும். ஒரே ஒரு வண்டி போகும் அகலம், ஓரத்தில் பள்ளம். எதிரே ஜீப் வந்தால் நின்று மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் ஒதுங்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏரிக்கரையில் கூடாரம் போட அனுமதி இல்லை; 2005 முதல் அது ராம்சார் ஈரநிலம். முகாம்கள் சில கிலோமீட்டர் முன்பே இருக்கின்றன.

இரவுக்குப் பாத்தலா, சந்திரதாலா? காசாவில் இரண்டு இரவு சுகமாகத் தூங்கியவர்கள் சந்திரதாலுக்குப் போகலாம். இலேசான தலைவலி இருந்தாலும் பாத்தல் தாபாவே நல்லது. சந்திரதால் முகாம் ஏறத்தாழ 4,200 மீட்டரில் இருக்கிறது. காசா ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும் என்றால் நோயாளியோடு மறுபடி 4,551 மீட்டர் ஏறித்தான் இறங்க வேண்டும். உயரநோய் கண்டவரை ஏற்றக் கூடாது, இறக்க வேண்டும். ஆகவே அங்கிருந்து ஒரே திசைதான்: சத்ரு, கோக்சர், பிறகு கேலாங் அல்லது மணாலி.

நோய் வந்தவருக்கே அது தெரியாது என்பதுதான் இதில் சிக்கல். மூளையில் நீர் கோக்கத் தொடங்கினால் முதலில் கெடுவது அவருடைய நிதானம். “எனக்கு ஒண்ணும் இல்லடா” என்பார். கவனிக்க வேண்டியது நீங்கள். ஹெல்மெட் வாரை மாட்டத் தடுமாறுகிறாரா, சம்பந்தமில்லாமல் எரிந்து விழுகிறாரா, சாப்பாட்டைத் தள்ளுகிறாரா? குதிகாலையும் பெருவிரலையும் ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், அல்லது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமினால், விடியும்வரை காத்திருக்காமல் ஏதாவது ஜீப்பைப் பிடித்துக் கீழே இறக்குங்கள். வண்டி அங்கேயே கிடக்கட்டும். டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை முக்கியமாகச் சொல்ல வேண்டும். மலையில் முதல் சில இரவுகளில் மது வேண்டாம்.

நாலாக்கள்

பாத்தலுக்கும் கிராம்புவுக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டர். சோட்டா தாரா, சத்ரு என்று இரண்டே பெயர்கள். இந்தத் துண்டில்தான் பனியாறுகளிலிருந்து இறங்கும் ஓடைகள் சாலையைக் குறுக்கே வெட்டிப் போகின்றன. அங்கே அவற்றை நாலா என்பார்கள். காலையில் கணுக்கால் அளவு ஓடும் அதே நாலா பிற்பகல் மூன்று மணிக்குத் தொடைவரை வரும். பகல் வெயிலில் உருகிய பனி சாலைக்கு வந்துசேர அவ்வளவு நேரமாகிறது. இரவுக் குளிரில் உருகுதல் நின்று, விடியலில் தண்ணீர் மிகக் குறைந்திருக்கும். காசாவிலிருந்து ஒரே நாளில் மணாலி போய்விடத் துடிப்பவர்கள் சரியாகத் தண்ணீர் ஏறும் நேரத்தில் இங்கே வந்து நிற்பார்கள். பாத்தலில் தங்கச் சொன்னது இதற்காகத்தான். வெளிச்சம் வந்ததும் கிளம்பினால் பத்து மணிக்குள் பெரிய நாலாக்களைக் கடந்துவிடலாம். செப்டம்பர் விடியலில் ஓரங்களில் மெல்லிய பனிக்கட்டி படர்ந்திருக்கும், இறங்கும் இடத்தில் அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலாவுக்கு வந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குங்கள். தண்ணீர் அகலமாக விரிந்து, வெள்ளையாக நுரைத்துச் சலசலக்கும் இடம் ஆழம் குறைவு. குறுகலாக, கருப்பாக, வழவழவென்று சத்தமில்லாமல் ஓடும் இடம் ஆழம். சற்றுக் காத்திருந்தால் ஒரு ஜீப்போ டிப்பரோ வரும். அதன் சக்கரம் எதுவரை முங்குகிறது என்று பாருங்கள். பிறகு ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். காசாவில் கம்பூட் கிடைக்கும், இதற்காகவே ஒரு ஜோடி வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். கணுக்காலைக் காக்காது என்பதால் அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்ட வேண்டாம் என்பேன். வண்டியில்லாமல் நடப்பவர் நிதானமாக நிற்க முடியாத இடத்தில் வண்டியும் போகாது. காத்திருங்கள், அல்லது திரும்புங்கள்.

முதல் வண்டி போகும்போது இரண்டாமவர் தன் வண்டியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கக் கூடாது. நாலாவின் பாதியில், ஓட்டுபவருக்கு மேற்பக்கம் நிற்க வேண்டும். நீரோட்டம் வண்டியைக் கீழ்ப்பக்கம்தான் தள்ளும். கீழே நின்றால் வண்டி உங்கள் மேல் சாயும். ஓட்டுபவர் முதல் கியரில், அரை கிளட்ச்சில், ஆக்சிலரேட்டரைக் குறைக்காமல், எதிர்க்கரையில் ஏறும் இடத்தை மட்டும் பார்த்துப் போக வேண்டும். காலடியில் ஓடும் தண்ணீரைப் பார்த்தால் நாம்தான் பக்கவாட்டில் நகர்வதுபோலத் தோன்றி ஹேண்டில் தானாகத் திரும்பும். முடியாது என்று தோன்றினால் வெட்கப்படாமல் இறங்கி, எஞ்சின் ஓட, இருவரும் மேற்பக்கமாக நின்று தள்ளிக்கொண்டு போங்கள். முதல் வண்டி கரையேறியபின் அதை ஓட்டியவர் தண்ணீருக்குள் திரும்பி வர வேண்டும். காலுறையும் பூட்ஸும் ஏற்கெனவே நனைந்துவிட்டன என்று அவர் கரையில் உட்கார்ந்துவிட்டால், அந்த நட்பைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

தண்ணீருக்குள் விழுந்துவிட்டால் உடனே கில் சுவிட்சை அழுத்துங்கள். எஞ்சின் தானாகவே நின்றிருந்தாலும் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்து நீங்கள் ஸ்டார்ட் செய்தால், அழுத்த முடியாத தண்ணீரை அழுத்தப் பார்த்துக் கனெக்டிங் ராட் வளையும். கரைக்கு இழுத்து வந்து ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். அது உலர்ந்திருந்தால் தைரியமாக ஸ்டார்ட் செய்யலாம். நனைந்திருந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, ஸ்டார்ட்டரைச் சில நொடி ஓட்டுங்கள். தண்ணீர் பிளக் ஓட்டை வழியாகப் பீய்ச்சி வெளியேறும். ஃபில்டரைக் காயவைத்து, பிளக்கைத் துடைத்து மாட்டிய பிறகுதான் அடுத்த முயற்சி. கரையில் விழுந்த வண்டியைத் தூக்கும்போது ஒருவர் ஹேண்டிலையும் மற்றவர் பின்பக்கக் கம்பியையும் பிடித்து, முழங்காலை மடக்கி, ஒரே மூச்சில். தூக்கியபின் இரண்டு நிமிடம் உட்காருங்கள். இந்த உயரத்தில் அந்த இரண்டு நிமிடம் சோம்பேறித்தனம் ஆகாது.

வண்டி ஓடவே மறுத்தால் கயிறு கட்டி இழுக்கலாம், ஆனால் சமமான பாதையில் மட்டும். இழுபடும் வண்டியில் கயிற்றை முடிச்சுப் போடாமல் ஹேண்டிலில் ஒரே சுற்றுச் சுற்றி முனையைக் கைக்குள் பிடித்துக்கொள்ள வேண்டும், சறுக்கினால் விட்டுவிடலாம். இந்தக் கல்பாதையில் அது பெரும்பாலும் நடவாது. அருகிலுள்ள தாபாவில் வண்டியை விட்டுவிட்டு, மூட்டையைக் குறைத்துக்கொண்டு, ஒரே வண்டியில் இருவரும் கோக்சர் போய்ப் பிக்கப் பேசி வருவதே சிக்கனம். ஓட்டுநரிடம் ஏற்றும் கூலி, இறக்கும் கூலி இரண்டையும் சேர்த்துப் பேசுங்கள்.

சத்ரு தாண்டியதும் பள்ளத்தாக்கு பச்சையாகும், கிராம்புவில் தார் தொடங்கும். அங்கே இடப்பக்கம் ஏறினால் ரோத்தங், நேரே இறங்கினால் கோக்சர். கோக்சர் தாண்டி அடல் சுரங்கம் வழியாக மணாலி போக ரோத்தங் பெர்மிட் தேவையில்லை. கோக்சரில் நிறுத்தி டயர் காற்றைத் திரும்ப ஏற்றுங்கள். காற்றுக் குறைந்த டயரோடு தாரில் வேகம் பிடித்தால் வளைவில் வண்டி நெளியும். பிரேக் பேடுகளில் மணல் அரைபடும் சத்தம் கேட்டால் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், செயினுக்கு எண்ணெய் விடுங்கள், கண்ணாடி, நம்பர் பிளேட், சைலன்சர் போல்ட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். 9.02 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் நுழையும் முன் கருப்பு வைசரை மாற்றித் தெளிவானதை மாட்டிக்கொள்ளுங்கள். நாலாவில் முங்கிய சக்கர பேரிங்குகளை மணாலியில் திறந்து கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள்; தங்கும் விடுதிக்குப் போகும் முன்பே வண்டியை விட்டால் மறுநாள் காலைக்குள் தயாராகிவிடும்.